காசு கார்டிலா, கணக்கிலா? வெளிநாட்டு ரயில் கேட்டில் தட்டும் முன்

புது ஊர், புது ரயில் நிலையம். முன்னால் போகிறவர் பர்ஸைத் திறக்காமல் அப்படியே கேட்டின் மேல் வைத்து எடுத்துவிட்டு நடந்துகொண்டே இருக்கிறார். அடுத்தவர் போனைக் காட்டுகிறார். அதற்கடுத்தவர் மணிக்கட்டைத் திருப்பி வாட்சைக் காட்டுகிறார். மூன்று பேருக்கும் கேட் திறக்கிறது. நாம் நம் வங்கிக் கார்டை வைத்தால் மட்டும் சிவப்பு விளக்கு. பின்னால் நிற்பவர் பெருமூச்சு விடுவது கேட்கிறது.

வெளியிலிருந்து பார்த்தால் எல்லாம் ஒரே தட்டுதான். உள்ளே நடப்பது வேறு வேறு. இதைப் புரிந்துகொள்ள ஒரே ஒரு கேள்வி போதும்: கேட் திறக்கும் அந்த நொடியில் காசு எங்கே இருக்கிறது? கையிலுள்ள கார்டுக்குள்ளா, எங்கோ ஒரு கணினியில் இருக்கும் கணக்கிலா? எந்த ஊரில் எது செல்லும், போனையும் வாட்சையும் ஏன் மாற்றிமாற்றித் தட்டக்கூடாது, மறுநாள் ஏன் எதிர்பாராத தொகை பிடிக்கிறார்கள் என்பதெல்லாம் இந்த விடையைப் பிடித்துக்கொண்டே வந்துவிடும்.

முதலில் தட்டு என்றால் என்ன என்று பார்த்துவிடுவோம். காண்டாக்ட்லெஸ் கார்டுக்குள் பேட்டரி கிடையாது. ஒரு சின்ன சிப், அதோடு சேர்ந்து கார்டின் ஓரத்தைச் சுற்றி ஓடும் மெல்லிய கம்பிச் சுருள், அவ்வளவுதான். கேட்டில் உள்ள ரீடர் 13.56 மெகாஹெர்ட்ஸ் வேகத்தில் மாறிக்கொண்டே இருக்கும் காந்தப்புலத்தை உண்டாக்குகிறது. கார்டு அதற்குள் வந்ததும் சுருளில் மின்சாரம் பிறக்கிறது, சிப் விழித்துக்கொள்கிறது, இரண்டும் பேசி முடிக்கின்றன. புலம் சில சென்டிமீட்டருக்கு மேல் எட்டாது. அதனால் கார்டை வீசிக்கொண்டே கடந்தால் பேச்சு பாதியில் அறுந்துவிடும். வைத்து, சத்தம் கேட்டு, எடுப்பதுதான் சரியான முறை.

ஜப்பானில் ஜேஆர் கிழக்கு ரயில் நிறுவனம் சூய்கா என்ற பயணக் கார்டைக் கொண்டுவருவதற்கு முன் மாதிரிக் கேட்களை வைத்து மக்களை நடக்கவிட்டுப் பார்த்தார்கள். பலருக்குக் கார்டை எங்கே, எப்படி வைப்பது என்றே தெரியவில்லை. வடிவமைப்பாளர் ஷுஞ்சி யமனாகா ரீடரின் முகத்தைப் பல கோணங்களில் சாய்த்துச் சோதித்தார். பயணியை நோக்கி 13.5 டிகிரி சாய்த்தபோது கை தானாகச் சரியான இடத்தில் போய் நின்றது. டோக்கியோ கேட்டில் தட்டும்போது அந்தச் சாய்வைக் கவனித்துப் பாருங்கள். கோடிக்கணக்கானவர்கள் தினமும் தொடுகிற பொருள், அதில் ஒரு சின்னச் சாய்வுதான் விஷயமே.

காசு கார்டுக்குள் இருக்கும் வகை

ஹாங்காங்கின் ஆக்டோபஸ் பயணக் கார்டு 1997-ல் வந்தது. சூய்கா 2001 நவம்பரில். இரண்டிலும் ஓடுவது சோனியின் ஃபெலிகா தொழில்நுட்பம். இவற்றில் இருப்புத் தொகை சிப்பிலேயே எழுதப்பட்டிருக்கும். கேட் அந்த எண்ணைப் படிக்கிறது, கட்டணத்தைக் கழிக்கிறது, புது எண்ணை எழுதி அனுப்பிவிடுகிறது. எந்த வங்கியையும் கேட்க வேண்டியதில்லை. சூய்காவில் இது முழுக்க ஏறக்குறைய 0.2 நொடிக்குள் முடிகிறது. காலை நெரிசலில் ஒரு கேட் வழியாக நிமிடத்துக்கு 60 பேர் போக வேண்டும் என்று கணக்குப் போட்டு வைத்த வேகம் அது. வெளியேறும்போது மீதி எவ்வளவு என்று கேட்டின் சின்னத் திரையில் தெரிவதும் இதனால்தான்: எண் கார்டிலேயே இருக்கிறது, அதைக் காட்டுவதற்கு என்ன தாமதம்?

இந்த வகையை ஒரு குட்டி உண்டியல் என்று வைத்துக்கொள்ளுங்கள். முதலில் போட வேண்டும், பிறகுதான் எடுக்க முடியும். பேர் பதியாத கார்டு தொலைந்தால் உள்ளே இருந்த காசும் போனதுதான். பல ஊர்களில் கார்டு வாங்கும்போதே முன்பணம் ஒன்று பிடிப்பார்கள். சாதாரண சூய்காவுக்கு அது 500 யென். சூய்காவில் 20,000 யென்னுக்கு மேல் ஏற்ற முடியாது. சியோலின் டி-மணி கார்டை நிலைய இயந்திரத்தில் ரீசார்ஜ் செய்யப் பெரும்பாலும் பணத்தாள்தான் வேண்டும். கையில் நான்கு வங்கிக் கார்டு வைத்துக்கொண்டு, ஒரு நோட்டு இல்லாமல் அந்த இயந்திரத்தின் முன் நிற்பது பரிதாபமான காட்சி. ஆக்டோபஸ் கொஞ்சம் தாராளம்: இருப்பு மைனஸில் போனாலும் ஓர் அளவுவரை கடைசிப் பயணத்தை முடிக்கவிடும், அடுத்த முறை காசு ஏற்றும்போது கழித்துக்கொள்ளும்.

உண்டியலால் ஒரு வசதியும் உண்டு. அது ரயிலோடு நிற்பதில்லை. சூய்காவையும் ஆக்டோபஸையும் கடை, பானம் விற்கும் இயந்திரம், நிலைய லாக்கர் என்று பல இடங்களில் தட்டலாம். சில்லறை நாணயங்களைச் சட்டைப்பை கிழியச் சுமந்து திரிய வேண்டியதில்லை. பயணத்தின் கடைசி நாளில் மிச்சத்தைக் கரைக்கவும் இதுதான் சுலபமான வழி.

காசு கணக்கில் இருக்கும் வகை

லண்டன் பஸ்களில் 2012 டிசம்பரிலிருந்து வங்கிக் கார்டையே தட்டலாம். 2014 செப்டம்பரில் சுரங்க ரயிலுக்கும் அது வந்தது. தனிக் கார்டு வேண்டாம், ரீசார்ஜ் வேண்டாம். வந்திறங்கியவுடன் பர்ஸில் இருப்பதைத் தட்டிவிட்டு ஏறிக்கொள்ளலாம்.

இங்கே கேட் உங்கள் வங்கியிடம் காசு கேட்பதில்லை என்பதுதான் பலருக்குத் தெரியாத சங்கதி. கேட்பதற்கு நேரம் கிடையாது. அரை நொடிக்குள் கதவு திறந்தாக வேண்டும். அதனால் கேட் இரண்டே விஷயத்தைப் பார்க்கிறது: இது உண்மையான கார்டுதானா, மறுப்புப் பட்டியலில் இருக்கிறதா. இரண்டிலும் தேறினால் உள்ளே விட்டுவிடும். இன்ன கார்டு, இன்ன இடத்தில், இன்ன நேரத்தில் தட்டப்பட்டது என்ற குறிப்பு மட்டும் மையக் கணினிக்குப் போகும். லண்டனில் ஒரு 'நாள்' என்பது அதிகாலை 4:30-க்குத் தொடங்கி மறுநாள் 4:29-க்கு முடிகிறது. அதற்குப் பிறகுதான் நுழைந்த தட்டையும் வெளியேறிய தட்டையும் ஜோடி சேர்த்து, பயணங்களைக் கண்டுபிடித்து, கட்டணம் போட்டு, மொத்தமாக ஒரே தொகையை வங்கியிடம் கேட்கிறார்கள். பேர் எழுதி வைத்து மாதக் கடைசியில் கணக்குத் தீர்க்கும் கடைக்காரரின் நோட்டுப் புத்தகம் போல, ஆனால் தினமும் தீர்ப்பது.

வங்கி தர மறுத்தால்? அன்றைய பயணம் நடந்து முடிந்திருக்கும். அந்தக் கார்டு மறுப்புப் பட்டியலுக்குப் போய்விடும். பாக்கியைக் கட்டும்வரை கேட் திறக்காது. நேற்று வேலை செய்த கார்டு இன்று காலை திடீரென்று சிவப்பு காட்டினால் கார்டில் கோளாறு தேடாமல் முதலில் கணக்கில் காசு இருக்கிறதா என்று பாருங்கள்.

கணக்கு பின்னால் போடப்படுவதால் கிடைக்கும் பெரிய லாபம், உச்சவரம்பு. ஒரு நாளில் எவ்வளவு சுற்றினாலும் குறிப்பிட்ட தொகைக்கு மேல் பிடிப்பதில்லை. லண்டனில் நாள் வரம்பும் உண்டு, திங்கள் முதல் ஞாயிறுவரை வார வரம்பும் உண்டு. அங்கே முதல் பஸ்ஸில் தட்டிய ஒரு மணி நேரத்துக்குள் ஏறும் அடுத்தடுத்த பஸ்களுக்குக் காசே இல்லை. நியூயார்க்கில் ஓம்னி என்ற தட்டும் முறையில் 7 நாளுக்குள் 12 முறை காசு கொடுத்தால், அந்த 7 நாள் முடியும்வரை மற்ற பயணங்கள் இலவசம். அதனால் வந்த அன்றே கவுன்ட்டரில் நின்று 'வாரப் பாஸ் வாங்கலாமா வேண்டாமா' என்று கணக்குப் பார்ப்பது இந்த ஊர்களில் பெரும்பாலும் வீண் வேலை. ஆனால் ஒரு நிபந்தனை: எல்லாத் தட்டும் ஒரே கார்டிலிருந்து வர வேண்டும். அதற்கு வருகிறேன்.

இரண்டு வகைக்கும் உள்ள வித்தியாசம் பயணிக்கு எவ்வளவு முக்கியம் என்பதற்கு சிங்கப்பூரில் நடந்ததே சாட்சி. அங்கே 2019-லிருந்து வங்கிக் கார்டைத் தட்டும் சிம்ப்ளிகோ முறை ஓடுகிறது. பழைய ஈஸி-லிங்க் கார்டுகளில் காசு சிப்பில் இருக்கும். அவற்றை 2024 ஜூன் 1 முதல் நிறுத்திவிட்டு எல்லோரையும் கணக்கு முறைக்கு மாற்றப் போவதாக அந்த ஆண்டு ஜனவரி தொடக்கத்தில் அறிவித்தார்கள். புதிய முறையில் எவ்வளவு கழிந்தது, எவ்வளவு மீதி என்று கேட்டில் தெரியாது. மக்கள் விடவில்லை. இரண்டே வாரத்துக்குள், ஜனவரி 22 அன்று, முடிவை மாற்றிக்கொண்டு, பழைய முறையையும் ஓட்ட 4 கோடி சிங்கப்பூர் டாலர் கூடுதலாகச் செலவிடுவோம் என்றது அரசு. தன் காசை ஒரு நொடி கண்ணால் பார்க்க வேண்டும் என்பதுதான் விஷயம். நானும் அந்தக் கட்சிதான். மீதி தெரியும் கார்டோடு சுற்றும்போது மனதில் ஒரு நிம்மதி இருக்கிறது.

போன் எங்கே வருகிறது?

போன் மூன்றாவது வகை அல்ல. மேலே சொன்ன இரண்டில் ஏதாவது ஒன்றாக அது வேஷம் போடுகிறது. ஐபோனின் ஆப்பிள் வாலட் செயலியில் சூய்காவைச் சேர்த்தால் போன் உண்டியலாகிவிடும். வங்கிக் கார்டைச் சேர்த்தால் வங்கிக் கார்டாகிவிடும்.

ஆனால் வேஷம் போடும்போது பேரையும் மாற்றிக்கொள்கிறது. வங்கிக் கார்டைப் போனில் சேர்க்கும்போது கார்டின் நிஜ எண் போனில் தங்குவதில்லை. அந்தப் போனுக்கென்று தனி எண் ஒன்று உருவாகிறது. வாட்சில் சேர்த்தால் அதற்கு இன்னொரு எண். பிளாஸ்டிக் கார்டு, போன், வாட்ச் மூன்றும் ஒரே கணக்கிலிருந்து காசு எடுக்கும், ஆனால் கேட்டின் கண்ணுக்கு மூன்று தனித்தனி ஆட்கள்.

இதை நான் காசு கொடுத்துத்தான் கற்றுக்கொண்டேன். ஒரு பெரிய நகரத்தில் காலையில் போனைத் தட்டி உள்ளே போனேன். இறங்கும்போது இரண்டு கையிலும் பை. வாட்சைத் தட்டினேன், கதவும் பவ்யமாகத் திறந்துவிட்டது. மறுநாள் வங்கிச் செய்தியில் இரண்டு தொகை, இரண்டும் அன்றைய சாதாரணக் கட்டணத்தைவிடப் பெரியவை. மையக் கணினியின் பார்வையில் 'போன்' என்ற ஆசாமி உள்ளே போனவர் வெளியே வரவே இல்லை. 'வாட்ச்' என்ற ஆசாமி எங்கிருந்து வந்தார் என்றே தெரியவில்லை. இருவருக்கும் அதிகபட்சக் கட்டணம். விவரம் எழுதிக் கேட்டதும் திருப்பிக் கொடுத்தார்கள், அது அவர்கள் பெருந்தன்மை. உச்சவரம்பும் இப்படித்தான் நழுவும்: ஆறு பயணம் போனில், ஆறு பயணம் வாட்சில் என்றால் கணக்கு 12 ஆகாது.

இதே குடும்பத்தில் இன்னொரு சிக்கல், பர்ஸுக்குள் கார்டுகள் முட்டிக்கொள்வது. இரண்டு மூன்று காண்டாக்ட்லெஸ் கார்டை ஒன்றாக வைத்துப் பர்ஸோடு தட்டினால், ரீடர் குழம்பி மறுக்கலாம்; அல்லது நீங்கள் நினைக்காத கார்டைப் படித்துவிடலாம். நுழையும்போது ஒன்று, வெளியேறும்போது வேறொன்று என்று படித்தால் மறுபடி அதே இரட்டைக் கட்டணம்தான். தட்டும் கார்டைத் தனியே வெளியில் எடுத்துவிடுங்கள்.

ஐபோனில் எக்ஸ்பிரஸ் பயணமுறை என்று ஒன்று உண்டு. எந்தக் கார்டு என்று முன்கூட்டியே குறித்து வைத்துவிட்டால், முகம் காட்டித் திறக்காமலே, திரை அணைந்திருந்தாலும் தட்டலாம். ஐபோன் எக்ஸ்எஸ் முதல் வந்த மாடல்களில், சார்ஜ் தீர்ந்து போன் அணைந்த பிறகும் 5 மணி நேரம்வரை இது வேலை செய்யக்கூடும். நாமாகவே அணைத்து வைத்தால் அந்தச் சலுகை கிடையாது. ஆண்ட்ராய்டில் பெரும்பாலும் திரையாவது எரிய வேண்டும். ரயிலுக்குள் வீடியோ பார்த்துப் பேட்டரியைத் தீர்த்துவிட்டு இறங்கும் கேட்டில் முழிப்பதைவிட, பிளாஸ்டிக் கார்டில் பயணம் செய்வதே மேல்.

எந்த ஊரில் எது?

லண்டன், நியூயார்க், சிங்கப்பூர், சிட்னி, நெதர்லாந்து, மிலான் இங்கெல்லாம் விசா, மாஸ்டர்கார்டு உள்ள வங்கிக் கார்டு நேராகக் கேட்டில் ஓடும். உங்கள் நாட்டுக்குள் மட்டுமே செல்லும் கட்டண வலையமைப்பின் கார்டு என்றால் ஓடாது. கார்டின் மூலையில் இருக்கும் சின்னத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். நான்கு வளைகோடு சேர்ந்த அலைக் குறி கார்டில் இருக்க வேண்டும் என்பதும் அடிப்படை.

டோக்கியோவில் ஜேஆர் கேட்டில் சூய்கா வகைக் கார்டுதான். ஒசாகா, ஃபுகுவோக்கா சுரங்க ரயில் போன்ற இடங்களில் வங்கிக் கார்டு படிக்கும் கேட்களும் வந்துவிட்டன, ஆனால் ஜப்பான் முழுவதற்கும் நம்பிக் கிளம்ப முடியாது. ஐபோன் 8 முதல் வந்த எல்லா ஐபோன்களிலும், எந்த நாட்டில் வாங்கியிருந்தாலும், ஃபெலிகா உண்டு. வீட்டில் உட்கார்ந்தபடியே சூய்காவை வாலட்டில் சேர்க்கலாம். ஜப்பானுக்கு வெளியே விற்ற ஆண்ட்ராய்டு போன்களில் பெரும்பாலும் முடியாது. அவர்கள் பிளாஸ்டிக் கார்டு வாங்குவதே வழி. சுற்றுலாப் பயணிகளுக்கான வெல்கம் சூய்காவுக்கு முன்பணம் இல்லை, 28 நாள் செல்லும், மிச்சக் காசு திரும்பாது. அங்கே இன்னொரு சூட்சுமம்: 2013 மார்ச்சிலிருந்து நாட்டின் 10 முக்கியக் கார்டுகள் ஒன்றின் பகுதியில் மற்றொன்று செல்லும், ஆனால் ஒரு பகுதியில் ஏறி இன்னொரு பகுதியில் இறங்க முடியாது. டோக்கியோவில் சூய்காவைத் தட்டி ஏறி, சாதாரண ரயில்களிலேயே மாறிமாறி ஒசாகா போய் இறங்கினால் கேட் திறக்காது. நீண்ட தூரத்துக்குத் தனி டிக்கெட்தான்.

சீனாவில் விஷயமே வேறு. அங்கே தட்டுவதைவிடக் காட்டுவதுதான் அதிகம். அலிபே அல்லது வீசாட் செயலியில் வெளிநாட்டு வங்கிக் கார்டை இணைத்து, கியூஆர் குறியீட்டைக் காட்டிக் கடையிலும் மெட்ரோவிலும் போகலாம். 200 யுவானுக்குள் வாங்கினால் கூடுதல் கட்டணம் இல்லை, அதற்கு மேல் 3 சதவீதம். பாஸ்போர்ட் சரிபார்ப்பெல்லாம் கிளம்பும் முன்பே முடித்துவிடுங்கள்.

வெளியேறும்போதும் தட்ட வேண்டுமா என்பதையும் முதல் நாளே தெரிந்துகொள்ள வேண்டும். நியூயார்க் சுரங்க ரயிலில் எங்கு இறங்கினாலும் ஒரே கட்டணம், அதனால் நுழையும்போது மட்டும். தூரத்துக்கு ஏற்பக் கட்டணம் வாங்கும் ஊர்களில் இரண்டு முறை. லண்டனில் ரயிலுக்கு இரண்டு, பஸ்ஸுக்கு ஒன்று. சிங்கப்பூரில் பஸ்ஸிலும் இரண்டு. கதவே இல்லாமல் வெறும் கம்பத்தில் ரீடர் மட்டும் நிற்கும் நிலையங்களில்தான் மறதி வரும்; தடுக்க ஆளில்லை என்பதால் தட்டாமல் நடந்துவிடுவோம். லண்டனில் ரயில் மாறும் சில நிலையங்களில் இளஞ்சிவப்பு ரீடர் ஒன்று நிற்கும். அது நகர மையத்தைத் தொடாமல் சுற்றி வந்தீர்கள் என்று பதிவு செய்ய. தட்டினால் கட்டணம் குறையும்.

குடும்பமாகப் போகிறவர்கள் ஆளுக்கொரு கார்டு என்று எண்ணி வைத்துக்கொள்ளுங்கள். ஒரே கார்டைக் கைமாற்றித் தட்டி நான்கு பேர் நுழைவது நியூயார்க்கில் நடக்கும், உள்ளே போனவர் வெளியே வருவதைக் கணக்கு வைக்கும் ஊர்களில் நடக்காது. போனில் இருக்கும் கார்டும் பிளாஸ்டிக் கார்டும் இரண்டு ஆள் என்றோமல்லவா? இங்கே அது நமக்கே சாதகம்: ஒருவர் போனைத் தட்ட, மற்றவர் அதே கணக்கின் பிளாஸ்டிக் கார்டைத் தட்டலாம்.

கிளம்பும் முன் வங்கி வேலை ஒன்று இருக்கிறது. பல வங்கிகள் வெளிநாட்டுப் பயன்பாட்டையும் காண்டாக்ட்லெஸ் வசதியையும் அணைத்தே கார்டு தரும். செயலியில் போய் இரண்டையும் தனித்தனியாகத் திறக்க வேண்டும். போனில் கார்டைச் சேர்க்க ஓடிபி வரும். அது உங்கள் ஊர் சிம்முக்கு வரும். விமான நிலையத்தில் உள்ளூர் சிம் மாட்டிய பிறகு இதைச் செய்ய உட்கார்ந்தால் ஓடிபி வந்து சேராது. வெளிநாட்டில் தேய்க்கும் ஒவ்வொரு தொகைக்கும் வங்கி எத்தனை சதவீதம் சேர்க்கும் என்றும் பார்த்துவிடுங்கள். சிங்கப்பூரில் இதற்கு மேல், வெளிநாட்டு வங்கிக் கார்டைத் தட்டும் ஒவ்வொரு நாளுக்கும் 60 சென்ட் நிர்வாகக் கட்டணம் பிடிக்கிறார்கள். கடைகளில் இயந்திரம் 'உங்கள் நாட்டுப் பணத்திலா, இந்த நாட்டுப் பணத்திலா' என்று கேட்டால் இந்த நாட்டுப் பணம் என்றே அழுத்துங்கள். சொந்தப் பணத்தில் காட்டுவது உபகாரம் போலத் தெரியும். அந்த மாற்று விகிதத்தில் அவர்கள் பங்கும் சேர்ந்திருக்கும்.

திரும்பும்போது வங்கிக் கார்டுக்காரர்களுக்கு வேலையில்லை. கடைசி நாளின் கட்டணம் ஊர் வந்து சேர்ந்த பிறகும் வரலாம், அவ்வளவே. உண்டியல் கார்டு வைத்திருப்பவர்கள் முன்பணத்தைத் திரும்ப வாங்க, வாங்கிய நிறுவனத்தின் நிலையத்துக்கே போக வேண்டும்: டோக்கியோவில் வாங்கிய சூய்காவை ஒசாகாவில் ஒப்படைக்க முடியாது, ஒசாகாவில் வாங்கிய அந்தப் பகுதிக் கார்டான இகோகாவை டோக்கியோவில் முடியாது. விமானத்துக்கு நேரமில்லை என்றால் விட்டுவிடுங்கள். கடைசியாகப் பயன்படுத்தி 10 ஆண்டு ஆகும்வரை சூய்கா உயிரோடுதான் இருக்கும். அடுத்து அந்தப் பக்கம் போகிற நண்பரிடம் கொடுத்தனுப்பலாம், பேர் பதியாத கார்டாக இருந்தால்.